வேலியில் தொங்கிய டோக்கன்

போன மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கோலார் தங்க வயல், சாம்பியன் ரீப்ஸில் எங்கள் வீட்டில் மதியச் சாப்பாடு முடிந்து கண் அசந்துவிட்டேன். வாரம் முழுக்க பெங்களூருக்கு ரயிலில் வேலைக்குப் போய் வருகிற எனக்கு அந்த ஒரு நாள்தான் தூக்கம். எழுந்து பார்த்தால் டிவி ஓடிக்கொண்டிருந்தது. எதிரே மகள் இல்லை.

ஓடிக்கொண்டிருந்தது எங்கள் இருவருக்கும் ரொம்பப் பிடித்த படம். கிரேக்கப் புராணத்தை வைத்து எடுத்த கார்ட்டூன். வசனத்தைவிடப் பாட்டுதான் அதிகம். இறந்துபோன மனைவியைத் தேடி ஒருவன் பாடிக்கொண்டே பூமிக்கு அடியில் இறங்குவான். அவன் பாடப் பாட இருட்டில் பாறைகளெல்லாம் நிறம் மாறும். அந்த இடம் வந்தால் அடுப்பை அணைத்துவிட்டு நானும் வந்து உட்கார்ந்துவிடுவேன். நாலாவது படிக்கிற மகளுக்குப் பாட்டு முழுக்க மனப்பாடம். அர்த்தம் பாதி அவளாக வைத்துக்கொண்டது.

தெருவில் தேடினேன். பக்கத்து வீட்டு அண்ணன், "இன்னாம்மா, உன் பொண்ணு பாடிக்கினே ஷாஃப்ட் பக்கமா போச்சே, நீ அனுப்பலியா?" என்றார். கைவிடப்பட்ட அந்தச் சுரங்கக் குழியைச் சுற்றி முள்வேலி இருக்கிறது என்றுதான் பெயர். ஆடு நுழைகிற அளவுக்கு ஓட்டைகள். செருப்புகூடப் போடாமல் ஓடினேன். அவரும் கூடவே வந்தார்.

வேலிக்கு வெளியேதான் நின்றிருந்தாள். தலையெல்லாம் நனைந்திருந்தது. முள்கம்பியில் என் அப்பாவின் பித்தளை டோக்கன் தொங்கியது.

சுரங்கத்தில் இறங்குகிறவர்கள் டோக்கனை எடுத்துக்கொண்டு போவார்கள். ஷிஃப்ட் முடிந்து மேலே வந்ததும் பலகையில் மாட்டிவிடுவார்கள். மாட்டவில்லை என்றால் ஆள் இன்னும் கீழே இருப்பதாகக் கணக்கு. நான் பள்ளியில் படித்தபோது, பாறை சரிந்து அப்பா கீழேயே இறந்துபோனார். உடலோடு வந்த டோக்கனை அவர் படத்துக்கு முன்னால் வைத்திருக்கிறோம். இதையெல்லாம் மகளுக்குச் சொன்னவள் நான்தான்.

"இங்க எதுக்குடி வந்த?"

"தாத்தா டோக்கன மாட்டவே இல்லையேம்மா. அப்போ அவரு இன்னும் கீழதானே இருக்காரு? அதான் நான் மாட்டிட்டு, பாடினேன்."

"சட்டம் பேசுது பாரு! இத அப்பவே மைன்ஸ் ஆபீஸ்ல உக்கார வெச்சிருக்கணும்" என்று சிரிக்க ஆரம்பித்த அண்ணன், பாதியில் நிறுத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவரும் சுரங்கத்தில் இறங்கியவர்தான்.

அடிப்பதா, அணைத்துக்கொள்வதா என்று தெரியாமல் நின்றேன். டோக்கனை எடுக்கக் கை நீட்டினால், "வேணாம்மா" என்று அலறினாள்.

"நீ கூட்டிக்கினு போம்மா, நான் எடுத்தாறேன்" என்று என் காதருகே சொன்னார் அண்ணன்.

அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தேன். கொஞ்ச தூரம் போனதும், "திரும்பிப் பாக்காதம்மா. பாத்தா தாத்தா வர மாட்டாரு" என்றாள். படத்தில் மனைவியை மேலே கூட்டி வருகிறவனுக்கும் அதே நிபந்தனைதான்.

பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. அது பக்கத்து வீட்டு அண்ணன்தான் என்று எனக்கு நன்றாகவே தெரியும். இருந்தும் வாசல் வரைக்கும் நான் திரும்பவில்லை. மகளுக்காகத்தான் அப்படி நடந்தேனா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.