அண்ணன் கட்டின குளக்கட்டு

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஊரே சொல்லும், நானும் மறுக்கல்ல. ஆனா பதினொரு வருசமா அந்த வாய் ஒரு மனிசனைக் கூப்பிட மட்டும் திறக்கல்ல.

அவர் என்ட அண்ணன் கனகசிங்கம். எங்கட பக்கம் காணி பொம்புளப் புள்ளைக்குத்தான். உன்னிச்சைக்குக் கிட்ட இருக்கிற வயல் எனக்குச் சீதனமாப் போகுமெண்டு தெரிஞ்சும், அண்ணன் ரெண்டு கோடை மண் சுமந்து, வயலுக்கு மேல்பக்கம் சின்னக் குளமொண்டு கட்டித் தந்தார். பிறகு கலியாணம் முடிச்சு, களுவாஞ்சிக்குடியில பொஞ்சாதி வீட்டோட போயிட்டார். எண்டாலும் மாரி தொடங்கினா வந்து, கட்டுக்கு மேல ஒரு நடை நடந்து பாத்திட்டுத்தான் சோத்தில கை வைப்பார்.

ஒரு மாரி, கூடத் தண்ணி பிடிக்கிற ஆசையில என்ட புருசன் விஜிதரன், மிச்சத் தண்ணி வழியிற வானை மண்மூடை அடுக்கி உயர்த்திப்போட்டார். எனக்கு ஒரு வார்த்தை சொல்லல்ல. கட்டு உடைஞ்சு வேளாண்மை முழுக்கப் போச்சு. ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு. பாக்க ஓடிவந்த அண்ணனிட்ட, "கட்டத் தெரியாட்டி ஏன் கட்டினீங்க? என்ட சீதனத்தில பொறாமையா?" எண்டு கேட்டிட்டன். அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு போயிட்டார். ரெண்டு நாளில இவர் உண்மையைச் சொன்னார். அதுக்குப் பிறகு எனக்கு வெக்கம், எந்த முகத்தோட கூப்பிடுற?

இந்த மாரி, பிறகு நாங்க திருத்திக் கட்டின கட்டுக்கு அடியில தண்ணி கசியத் தொடங்கிச்சு. இவர் வெளிப்பக்கம் மண்ணை அப்ப, அது பக்கத்தால வருது. கட்டு திரும்பவும் போகப்போகுதெண்டு எனக்கு உயிரே இல்ல. போனை எடுத்து அண்ணனுக்கு அடிச்சன்.

"சொல்லு புள்ள" எண்டார், நேத்துப் பேசினவர் மாதிரி. விசயத்தைச் சொன்னன். "வெளியில அடைச்சா நிக்காது. உள்பக்கம் தண்ணி சுழியிற இடத்தைப் பார். நண்டு வளையா இருக்கும். களிமண்ணை வைச்சு மிதி."

நானே இடுப்பளவு தண்ணியில இறங்கி, காலால தடவிப் பிடிச்சு அடைச்சன். கசிவு நிண்டுது. ஏறி வந்து திரும்பவும் போனை எடுத்தன்.

"அண்ணா, பிழை எங்கட. வானை உயர்த்தினது இவர்."

"அண்டைக்கே தெரியும். மண்மூடையைப் பாத்தன்தானே."

"பிறகேன் வரல்ல? மாரிக்கு மாரி ரோட்டைப் பாத்துப் பாத்து என்ட கண் பூத்துப் போச்சு!" எண்டு குளறினன்.

"நீ கூப்பிடுவாயெண்டு இருந்தன் புள்ள."

"இப்ப கூப்பிடுறன். நாளைக்கே வாங்க."



"எனக்குக் கால் ரெண்டும் விழுந்து, நடக்க ஏலாமப் போய் எட்டு மாசம். உனக்குச் சொல்லவேணாமெண்டு நான்தான் எல்லாரிட்டயும் சொல்லி வைச்சன். சொல்லியிருந்தா, பாவமெண்டு கூப்பிட்டிருப்பாய்."