இனிஷியல் இல்லாத தங்க அட்டை

2024 நவம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழேகால் மணி. கடலூரில் விடிந்தும் விடியாத மாதிரி ஓர் இருட்டு. தூறல் நிற்கவில்லை. காற்று கடல் பக்கமிருந்து அடித்ததால் முன்கதவின் உள்பக்கம் வரை ஈரம். அந்த நேரத்தில்தான் சிதம்பரத்திலிருந்து என் சம்பந்தி போன் செய்தார்.

"சம்பந்தி, விஷயம் தெரியுமா? எனக்கு பிளாட்டினம் வந்துடுச்சி!"

"இன்னும் பல் தேய்க்கல, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டேன். பல் தேய்த்து ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது.

பிளாட்டினம் என்றால் நகை அல்ல. அடிக்கடி விமானத்தில் போகிறவர்களுக்கு விமான நிறுவனம் கொடுக்கும் அட்டை. வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என்று மூன்று படி. என் மருமகளின் அப்பாவான சம்பந்தி சர்க்கரை ஆலைகளுக்கு உதிரிபாகம் விற்கிறவர். பெண்ணாடத்தில் ஆரம்பித்து இப்போது வடக்கே உள்ள ஆலைகள் வரை போய்வருகிறார். நான் செம்மங்குப்பத்தில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையின் ஆய்வகத்தில் முப்பத்தொரு வருடம் இருந்தேன். ஓய்வு பெற்ற பிறகு குஜராத்தில் ஒரு சாயத் தொழிற்சாலை, கழிவு நீரைப் பார்த்துச் சொல்ல என்னை மாதம் ஒரு முறை கூப்பிடுகிறது. ஆக, இந்த வயதில் இரண்டு பேருமே பறக்கிறவர்கள். ஆனால் அவர் ஏறும் நிறுவனத்தின் விமானத்தில் நான் ஏறுவதில்லை. இதை யாரிடமும் சொன்னதில்லை, சொல்லாமலேயே கடைப்பிடித்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் இருவருக்கும் ஒரே பெயர். கடலூரிலிருந்து சிதம்பரம் வரை எந்தத் தெருவில் கூப்பிட்டாலும் நாலு பேர் திரும்பிப் பார்க்கும் பெயர். கல்யாணப் பத்திரிகை அடித்தபோது அச்சகத்துக்காரர் போன் செய்து, "சார், பொண்ணோட அப்பா பேரும் மாப்பிள்ளையோட அப்பா பேரும் ஒண்ணா இருக்கு, தப்பா எழுதிக் குடுத்துட்டீங்களா?" என்று கேட்டார். இனிஷியலைப் பாருங்கள் என்றேன். அவருக்கு வே., எனக்கு கா. எங்களைப் பிரித்துக் காட்டியது அந்த ஓர் எழுத்துதான்.

மூன்று வருடம் முன்பு, டெல்லியில் இருக்கும் பேரனின் பிறந்தநாளுக்குப் போய்விட்டு இரண்டு பேரும் ஒன்றாகத் திரும்பினோம். டிக்கெட் எடுத்தது என் மகன். அதனால் சம்பந்தியின் விமானம். விமான நிலையத்தில் அவர் என் கையைப் பிடித்து, "வாங்க சம்பந்தி, லவுஞ்சுல உக்காருவோம்" என்று, அட்டைக்காரர்கள் சாப்பிட்டு ஓய்வெடுக்கும் அறையின் கண்ணாடிக் கதவுக்கு அழைத்துப்போனார். கதவருகே நின்ற பெண் அவருடைய தங்க அட்டையைப் பார்த்துவிட்டு என்னைக் காட்டி ஏதோ கேட்டாள். "மை கெஸ்ட்" என்றார் அவர்.

கல்யாணத்தன்று மண்டப வாசலிலும் இதே கைதான் என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனது. அன்று நான் மாப்பிள்ளை வீட்டார். இங்கே நான் கெஸ்ட். உள்ளே போனதும் அவரே ஒரு தட்டில் இட்லி வைத்து என் கையில் கொடுத்து, "கூச்சப்படாதீங்க, எல்லாம் ஃப்ரீதான்" என்றார். சுற்றிலும் இருந்தவர்களில் யாருக்கும் தமிழ் தெரியாது என்பது ஒன்றே ஆறுதல். அந்த இட்லி எனக்கு இறங்கவில்லை.

அதோடு போயிருந்தால் மறந்திருப்பேன். போன வருடம் குளிர்கால விடுமுறைக்குப் பேரனை டெல்லியிலிருந்து அழைத்துவந்தவர் சம்பந்தி. மகனுக்கும் மருமகளுக்கும் பொங்கலுக்கு முன் விடுப்பு கிடைக்காது. யாராவது ஒரு தாத்தா போய்க் கூட்டி வர வேண்டும். ஆறு வயதுப் பையன் வந்து இறங்கியதிலிருந்து ஒரே பேச்சு: ஐஸ்கிரீம் ரூம். அந்த லவுஞ்சுக்கு அவன் வைத்த பெயர் அது. டெல்லிக்குத் திரும்பிப் போன பிறகும் போனில் என்னைக் கேட்டான்.

"கடலூர் தாத்தா, உங்ககூட வந்தா ஐஸ்கிரீம் ரூம் உண்டா?"

என்னிடம் இருந்தது வெள்ளி அட்டை. வெள்ளிக்கு அந்தக் கதவு திறக்காது. "அடுத்த தடவ உண்டுடா" என்று சொல்லிவிட்டேன்.

அன்றிலிருந்து தங்கத்தைத் துரத்தினேன். போனில் சொல்லி முடித்திருக்கக்கூடிய வேலைக்கெல்லாம் குஜராத்துக்கு நேரில் போனேன். தொழிற்சாலைக்காரர்கள் ஒரு டிக்கெட் கொடுத்தால், அடுத்ததை நானே எடுத்தேன்.

"தண்ணியில உப்பு பாக்கறதுக்கு ஃப்ளைட்டா?" என்றாள் என் மனைவி. "அவுங்க ரிப்போர்ட்ட வாட்சப்புல அனுப்புனா போதாதா?"

"நேர்ல பாத்தாதான் தெரியும்."

"இன்னா தெரியும்? சம்பந்தி வயிறு எரியுதான்னு தெரியுமா?"

அவளிடம் எதையும் மறைக்க முடியாது. அக்டோபர் முதல் வாரத்தில் தங்கம் வந்தது. மருமகளைக் கூப்பிட்டு, இந்த டிசம்பரில் பேரனை நான்தான் அழைத்து வருவேன் என்று சொன்னேன். "சரிங்க மாமா, அப்பாகிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றாள். அன்று இரவு நன்றாகத் தூங்கினேன்.

இரண்டு விமான நிறுவனங்களும் ஒன்றாகப் போகின்றன என்ற செய்தி முன்பே வந்ததுதான். சேர்கிற நாள் நெருங்க நெருங்கத்தான் உறைத்தது. இரண்டில் சிறியது என்னுடையது. பெயரை விட்டுவிட்டு அவருடைய நிறுவனத்தில் போய்ச் சேர்ந்துகொண்டது. அவர் தன் பெண்ணை எங்கள் வீட்டுக்கு அனுப்பினார். நான் என் விமானத்தை அவர் வீட்டுக்கு அனுப்பினேன் என்று மனைவியிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. அறிவிப்பை மூன்று முறை படித்தேன். சேர்த்துவைத்த புள்ளிகள் ஒன்றுக்கு ஒன்று மாறும், இருக்கிற படி அப்படியே இருக்கும், உறுப்பினர் எதையும் செய்ய வேண்டியதில்லை என்று எழுதியிருந்தார்கள். நம்பினேன்.

அந்த ஞாயிறு காலை சம்பந்தியின் போனை வைத்துவிட்டு என் கணக்கைத் திறந்தேன். அப்படி ஓர் உறுப்பினரே இல்லை என்றது. எண்ணைச் சரிபார்த்து மறுபடி போட்டேன். மறுபடியும் இல்லை.

வாடிக்கையாளர் சேவை எண்ணில் பாட்டு ஓடி ஓடி, கடைசியில் ஒரு பெண் தமிழில் பேசினாள்.

"சார், உங்க பேர்ல ரெண்டு ஏர்லைன்லயும் ஒவ்வொண்ணு, ஆக ரெண்டு அக்கவுண்ட் இருந்துச்சி. ஒரே பேர், ஒரே மொபைல், ஒரே மெயில். டூப்ளிகேட்னு சிஸ்டம் சேத்துடுச்சி. இப்ப ஒண்ணுதான் இருக்கு. நல்லதுதானே சார், நீங்க இப்ப பிளாட்டினம்!"

"அம்மா, அது நான் இல்ல. அது என் சம்பந்தி."

"சம்பந்தின்னா, சார்?"

மருமகளைக் கேட்டதும் புரிந்தது. கல்யாணமான புதிதில் எங்கள் இருவருக்கும் கணக்குத் திறந்து கொடுத்தவள் அவள்தான். ஓடிபி வந்தால் இரண்டு கிழவர்களும் குழம்புவோம் என்று தன் செல் நம்பரையும் தன் மெயிலையும் இரண்டிலும் போட்டிருக்கிறாள். குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் இனிஷியலைப் போட்டால், ஓர் எழுத்து போதாது என்று தள்ளியிருக்கிறது. நமக்கு ஏது குடும்பப் பெயர்? அதனால் பெயரையே இரண்டாம் முறையும் அடித்துவிட்டாள். இரண்டு ஏர்லைனிலும் அப்படியே. என் அப்பாவும் இல்லை, அவர் அப்பாவும் இல்லை. என் தங்கம் அவர் தங்கத்தோடு சேர்ந்து அவருக்கு பிளாட்டினம் ஆகிவிட்டது. குஜராத்துக்கு நான் வீணாகப் போன ஒவ்வொரு பயணமும் அவரை ஒரு படி மேலே ஏற்றியிருக்கிறது.

மறுநாள் பஸ்ஸில் சிதம்பரம் போனேன். தெற்கு வீதியில் அவர் வீடு. போனவுடன் இட்லியும் கத்தரிக்காய் கொத்சும் வந்தன. எங்கள் வீட்டு கொத்சு இந்தப் பதத்துக்கு வராது. அதுவும் எனக்கு ஒரு குறைதான். விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்க ஆரம்பித்தவர், கண்ணில் தண்ணீர் வரும் வரை நிறுத்தவில்லை.

"அப்ப என் பிளாட்டினத்துல பாதி உங்களுதா! சொல்றதுக்கென்ன சம்பந்தி, நேத்தே சொல்லியிருக்கலாமே!"

உடனே அவரே சேவை எண்ணைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். டெல்லியிலிருந்து மருமகளையும் அதே போனில் சேர்த்துக்கொண்டார், ஓடிபி சொல்வதற்கு. இந்த முறை பேசியவர் ஓர் ஆண்.

"பிரிக்கலாம் சார். ரெண்டு பேரோட ஐடி, அப்பா பேர் போட்ட ப்ரூஃப், பழைய டிக்கெட் எல்லாம் அனுப்புங்க. ரெவ்யூவுக்கு அறுபது நாள் ஆகும். அதுவரைக்கும் அக்கவுண்ட் ஃப்ரீஸ்ல இருக்கும். ரெண்டு பேருக்குமே கார்டு வேல செய்யாது."

டிசம்பர் கடைசியில் பேரனின் விடுமுறை. அறுபது நாள் என்றால் ஜனவரி. நான் வாயைத் திறப்பதற்குள் சம்பந்தி, "அப்ப இப்ப வேணாங்க, பொங்கலுக்கு அப்புறம் பாத்துக்கலாம்" என்று போனை வைத்துவிட்டார்.

"நீங்க இந்தக் கார்டுலயே போய்ட்டு வாங்க சம்பந்தி. உங்களுதும் அதுக்குள்ளதானே கெடக்கு. டிக்கெட்டுலயும் அதே பேர்தான். அவுங்களப் பொறுத்தவரைக்கும் நாம ரெண்டு பேரும் ஒரே ஆளு!"

அடுத்த அழைப்பில் மருமகளும் அதையே சொன்னாள். "அப்பா சொல்றது சரிதான் மாமா. கொழந்த ஐஸ்கிரீம் ரூம்னு ஒரே அடம். எப்படியும் போனா சரி."

ஒரு வருடமாக இந்த மனிதரை முந்த வேண்டும் என்று பறந்திருக்கிறேன். அவருக்கு நான் பின்னால் வந்துகொண்டிருப்பதே தெரியவில்லை. அவர் ஒரு நொடிகூட யோசிக்காமல் கொடுத்தார். கொஞ்சமாவது முகம் சுருங்கியிருந்தால் சந்தோஷமாக வாங்கியிருப்பேன். வாசல் வரை வந்து, அட்டையின் படத்தை வாட்சப்பில் அனுப்பியாகிவிட்டதா என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, கொத்சு ஒரு டப்பாவில் கொடுத்துவிட்டார்.

டிசம்பரில் டெல்லிக்குப் போனேன். திரும்பும் நாளில் பனிமூட்டம். விமானம் தாமதம் என்று போட்டிருந்தது. எனக்கு அதில் மகிழ்ச்சிதான். லவுஞ்சில் ஜாஸ்தி நேரம் உட்காரலாம். பேரன் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு முன்னால் ஓடினான். அந்தக் கண்ணாடிக் கதவு எங்கே என்று என்னைவிட அவனுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

போனில் அட்டையைத் திறந்து நீட்டினேன். அங்கிருந்த பெண் அதையும் என் போர்டிங் பாஸையும் பார்த்தாள். பெயர் ஒன்றுதான். தலையசைத்து, என் பெயரைச் சொல்லி வணக்கம் சொன்னாள். பேரன் எக்கி அட்டையை எட்டிப் பார்த்தான்.

"இது சிதம்பரம் தாத்தா கார்டு."

"இல்லடா, என்னுதுதான்."

"அவரோடதுதான். கடைசியில செவன் செவன் வரும். போன வருஷம் நான் மனப்பாடம் பண்ணேன்." என்னைப் போலவே அவனுக்கும் எண் மறக்காது. என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "தாத்தா, நீங்க அவரோட கெஸ்ட்டா?"

அவன் கேலி செய்யவில்லை. போன வருடம் இதே வாசலில் அவனுக்கு அந்த வார்த்தையைச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்.

போனைச் சட்டைப் பையில் போட்டேன். அட்டை இல்லாமல் வருகிறவர்களுக்கு எவ்வளவு என்று ஆங்கிலத்தில் கேட்டேன். அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. உங்களுக்குத்தான் அட்டை இருக்கிறதே, இலவசம் என்றாள். இரண்டு பேருக்குப் பணம் வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். அவள் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தாள். அவர் தோளைக் குலுக்கிவிட்டு மெஷினை என் பக்கம் தள்ளினார்.

உள்ளே பேரன் வெனிலா ஒரு கப் எடுத்தான். இரண்டு கரண்டி தின்றதும் பல் கூசுகிறது என்று என்னிடம் தள்ளினான். மீதியை நான் தின்றேன். அப்போது சம்பந்தி கூப்பிட்டார்.

"உள்ள போய்ட்டீங்களா சம்பந்தி? கார்டு வேல செஞ்சிதா?"

"செஞ்சிதுங்க."

"பாத்தீங்களா, சொன்னேன்ல. எல்லாம் ஃப்ரீதான்!"

"ஆமாங்க" என்றேன். ரசீது என் முன்னால் கிடந்தது. ஒருவருக்கு ஆயிரத்து நானூறு, இரண்டு பேருக்கு வரியோடு சேர்த்து மூவாயிரத்து முந்நூற்று நான்கு ரூபாய்.