தமட்டை கேட்டால் சோறு

அன்றைக்கு வீட்டில் இருந்தவர்கள் நாலு பேர்தான். கட்டிலில் அப்பா, அவர் காலடியில் அம்மா, கதவோரம் நான், அப்பாவோடு சாவு வீடுகளில் தமட்டைப் பறை அடித்த மாமா. சொந்த மாமா இல்லை, கூப்பிடுவது அப்படி.

தொண்ணூறுகளின் நடுவில் அது. அப்பாவுக்கு மஞ்சள் காமாலை இறங்கியும் பசி திரும்பவில்லை. "பசி எடுத்தாத்தான் பிழைப்பார்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஏழாவதோடு படிப்பை விட்டவன் நான். டாக்டரிடம் மறுபடி போய்க் கேட்கப் பயம். பட்டறையில் லேத் ஓடும்போதும் அப்பாவின் தட்டுதான் கண்ணில் நிற்கும்.

முந்தின வாரம், நாங்கள் இருந்த அடுகோடியில், எங்கள் தெரு வழியாக ஒரு பிணம் போனது. தமட்டைச் சத்தம் கேட்டதும் அப்பா எழுந்து உட்கார்ந்து, "சோறு இருக்கா?" என்றார். அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. பிணம் எடுக்கும்வரை வெறும் வயிற்றோடு அடித்து, அடக்கம் முடிந்ததும் சாப்பிட்டுப் பழகிய உடம்பு.

அதற்காக யாராவது சாக வேண்டுமா? அந்த நினைப்பு தாங்காமல்தான் மாமாவைக் கூட்டிவந்தேன்.

கதவைச் சாத்திக்கொண்டு மெதுவாக அடித்தார். அப்பா சோற்றைப் பிசைய ஆரம்பித்தார்.

"உயிரோட இருக்கறவருக்கு அடிச்சா டபுள் கூலி, மச்சான். நூறு ரூபா" என்றார் மாமா.

"என் சாவுல கழிச்சுக்கோ, மச்சான்" என்றார் அப்பா.

"ரெண்டு பேரும் வாயக் கழுவுங்க!" என்றாள் அம்மா.

வெளியே வீட்டுக்காரம்மா கன்னடத்தில், "யாரு போனது?" என்று கதவைத் தட்டினார்.

"யாரும் போகலம்மா, அப்பா சாப்பிடறாரு" என்றேன்.

அடுத்த வாரம் மாமா மாரடைப்பில் போய்விட்டார். "அப்பாகிட்ட மூச்சு விடாதே, திரும்பப் படுத்துடுவாரு" என்றாள் அம்மா. சுடுகாட்டுக்கு வழி எங்கள் தெருதான். சத்தம் நெருங்கியதும் ஜன்னலைச் சாத்தப் போனேன்.

"தொறந்தே இருக்கட்டும். சோறு போடச் சொல்லு."

சாப்பிட்டார். இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டே பரிமாறினாள். தமட்டை வாசலைத் தாண்டும்போது அப்பாவின் கை தட்டில் நின்றது.

"நல்லாத்தான் அடிக்கறானுங்க. மச்சான் கை மட்டும் அதுல இல்ல. எங்கடா அவன்?"

"வெளியூர் போயிருக்காருப்பா."

இன்றைக்கும் தமட்டை கேட்டால் எனக்குச் சோறு இறங்காது.

அப்பா தட்டை வழித்துவிட்டுக் கை கழுவினார். "நான் இப்போ சாகப்போறதில்ல போல. வந்தான்னா அவன் கூலியக் குடுத்துடு."

நூறு ரூபாய். இன்னும் பாக்கி.