வளைவு இல்லாத வீடு

'கயிறு' என்ற பெயரை நான் முதலில் கேட்டது என் பெரியம்மா மகன் வீட்டில். அவருடைய இரண்டாவது மகள், அப்போது எட்டு வயது, வாசற்கதவிலிருந்து பின்கதவுவரை ஒரு கயிற்றை இழுத்துக் கட்டியிருந்தாள். பெரியப்பா தடுக்கி விழுந்தார்.

"ரெண்டு கதவும் நேரா இல்ல தாத்தா, பாருங்க" என்று விழுந்த மனிதருக்கே விளக்கம் சொன்னாள். அன்றிலிருந்து வீட்டில் எல்லாருக்கும் அவள் கயிறுதான்.

வளர்ந்தபின் தன் அண்ணனுடைய செடிக்கடையில் சேர்ந்தாள். வீடுகளுக்குத் தோட்டம் போட்டுக் கொடுப்பது வேலை. மண்ணைத் தொடுமுன் தெருவுக்கு எதிர்ப்பக்கம் வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்து, அரைநாள் அந்த வீட்டையே பார்ப்பாள். பிறகு சுவர் மூலையிலிருந்தும் ஜன்னல் விளிம்பிலிருந்தும் கயிறு இழுத்து முளை அடிப்பாள். வளைவு வாசல் வைத்த வீடென்றால் பாதையும் வளையும். ஓடு சரிந்த வீடென்றால் கொடியும் சரியும்.

மருந்துக்கடைக்காரர் கட்டிய புதுவீடு தீப்பெட்டிகளை அடுக்கினாற்போல் இருந்தது. அவர் கேட்டதோ பாம்புபோல் நெளியும் பாதை, நடுவில் நீரூற்று, பந்துபோல வெட்டிய செடிகள். அவள் கேட்டிலிருந்து கதவுவரை நேராகக் கயிறு கட்டிய அன்று, சாப்பாடு கொண்டுபோன நான் எல்லாவற்றையும் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

"இந்த வீட்டுல ஒரு வளைவு காட்டுங்க சார், பாதையை வளைச்சுடறேன்" என்றாள்.

அவரும் விடவில்லை. வீட்டை ஒரு சுற்று சுற்றிவந்து, "இதோ, கதவுக் கைப்பிடி!" என்றார்.

"சரி, அந்த அளவுக்கு ஒரு செடி வெக்கிறேன்."

அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தன. போன் போட்டார். அண்ணன் ஓடி வந்தான்.

"வீடு அவருது. நீ யாருடி வேணாங்கறதுக்கு?"

"வீடு அவருதுதான்ணே. கை என்னுது."

"அப்ப அந்தக் கையை எடுத்துக்கிட்டுக் கிளம்பு. இனி கடைப்பக்கம் வராதே."

பதினொரு வருட வேலை. அவள் கண் கலங்கவில்லை. முளைகளைப் பிடுங்கி, கயிற்றைச் சுற்றித் தோளில் மாட்டிக்கொண்டு, "வாங்க அத்தை, சோறு ஆறுது" என்றாள்.

அண்ணனே நின்று பாம்புப்பாதை போட்டு, பந்துச்செடிகளும் வைத்தான். நெளிந்து நெளிந்து யார் நடப்பார்கள்? பால்காரர் புல்லில் குறுக்கே போனார், தபால்காரர் போனார், கடைசியில் மருந்துக்கடைக்காரரும் போனார். ஆறே மாதத்தில் கேட்டிலிருந்து கதவுவரை புல் செத்து ஒரு கோடு விழுந்தது. அவள் கயிறு கட்டியிருந்த அதே கோடு.

வேலை போனதிலிருந்து அவள் என் வீட்டில்தான் இருந்தாள். அண்ணன் அங்கே வந்து அவளிடம் தலையைச் சொறிந்தான். "வந்து சரி பண்ணிக் குடு."

"வர்றேன். ஆனா உன் ஆளா வரமாட்டேன். அவரே வந்து என்னைக் கூப்பிடட்டும்."

மருந்துக்கடைக்காரர் வந்தார். நேர்ப்பாதை வந்தது, ஜன்னல்களுக்கு ஈடாக நெட்டைப் புற்கள் வந்தன. பிடுங்கிய பந்துச்செடிகளில் இரண்டு எனக்கு வேண்டும் என்று கேட்டேன். என் வீட்டை மேலும் கீழும் பார்த்தாள்.

"உங்க வீட்டுக்கு இது ஆகாது அத்தை."

சொந்த அத்தைக்கே இந்தக் கதி.

இப்போது அண்ணன் கடைக்கு நேர் எதிரே தனிக்கடை வைத்திருக்கிறாள். வெளியூர்க்காரர் ஒருவர் வீடு கட்டியிருக்கிறார். இன்று காலை அதற்கு எதிரே வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்திருக்கிறாள்.