நான் மறைத்து வைத்த லிஸ்ட்

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. மைசூரில் சயாஜி ராவ் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு தெருவில் இருந்த பட்டுப்புடவைக் கடையில் அப்போது எனக்குப் பதினோராவது வருடம். காலையில் கடை திறந்ததிலிருந்து சாத்தும்வரை நின்றபடிதான் வேலை. விற்பனைப் பெண்கள் உட்காரக் கூடாது என்பது முதலாளியின் சட்டம்.

அந்த வருடம் தசராவுக்கு இரண்டு மாதம் முன்னால் எங்கள் கடையில் கிரெடிட் கார்டு வாங்க ஆரம்பித்தார்கள். இப்போது மாதிரி நொடியில் முடிகிற காரியம் இல்லை. கார்டை ஓர் இரும்புத் தட்டில் வைத்து, மேலே கார்பன் வைத்த பில்லை வைத்து, கைப்பிடியை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு இழுத்தால் கார்டு எண் தாளில் பதியும். அதற்கு முன்னால் 'லிஸ்ட்' பார்க்க வேண்டும். தொலைந்த, திருட்டுப்போன கார்டுகளின் எண்களைப் பொடி எழுத்தில் அச்சடித்துச் சில வாரங்களுக்கு ஒருமுறை வங்கி அனுப்பும் புத்தகம் அது. எண் அதில் இல்லை என்று பார்த்துவிட்டு பில் போட்டால் வங்கி பணம் கொடுத்துவிடும். இருப்பதைக் கவனிக்காமல் போட்டால் நஷ்டம் கடையுடையது. பெரிய தொகை என்றால் பெங்களூருக்கு டெலிபோன் செய்து அனுமதியும் வாங்க வேண்டும்.

இந்த வேலைக்கு ஒரு மேஜை, ஒரு நாற்காலி, தலைக்கு மேலே ஃபேன். அது எனக்குத்தான் என்று நான் மனசுக்குள் உட்கார்ந்தே விட்டிருந்தேன். முதலாளி உட்கார வைத்ததோ, சேர்ந்து எட்டு மாதம்கூட ஆகாத ஒரு பெண்ணை. ஊர் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ராமாபுரம் பக்கம். பி.காம். படித்துவிட்டு இங்கே லேடீஸ் ஹாஸ்டலில் தங்கியிருந்தாள். என்னை வாய் நிறைய "அக்கா" என்பாள்.

அவளைப் பார்க்கப் பார்க்க எனக்கு எரிந்தது. வெள்ளைக்காரர்களிடம் அவள் தயங்கித் தயங்கி ஆங்கிலம் பேசுவாள். அவர்கள் அதையும் ரசித்துச் சிரிப்பார்கள். இருபது புடவையைப் பிரித்துக் காட்டித் தொண்டை வறண்டு விற்றவள் நான். நன்றி சொல்லிவிட்டுப் போவது அவளிடம். முதலாளிக்கு டீ வந்தால் அவளுக்கும் ஒரு கப். வீட்டுக்குப் போய்க் காலை வெந்நீரில் வைக்கும்போதெல்லாம் அந்த நாற்காலிதான் கண்ணில் நிற்கும். ஒருநாள் கடைக்கு வந்த என் கணவர், "அந்தப் பொண்ணு நல்ல சுறுசுறுப்புல்ல?" என்றார். அன்றைக்கு ராத்திரி அவரோடு பேசவே இல்லை.

தசரா கூட்டம் தொடங்கிய வாரம், வங்கி ஆள் புது லிஸ்ட்டைக் கொண்டுவந்தபோது அவள் சாப்பிடப் போயிருந்தாள். நான்தான் வாங்கினேன். யார் வாங்கினாலும் தொங்குவதைக் கழற்றிப் பழைய லிஸ்ட் கட்டோடு சேர்த்துவிட்டு, புதியதை மேஜைக்குப் பக்கத்து ஆணியில் மாட்டுவது வழக்கம். நான் மாட்டவில்லை. ரவிக்கைத் துணிப் பெட்டிக்கு அடியில் செருகி வைத்தேன். வங்கி அதிகாரி அவ்வப்போது வந்து பார்ப்பார். பழைய லிஸ்ட் தொங்குவதைக் கண்டு எல்லார் முன்னாலும் அவளை நாலு வார்த்தை கேட்கட்டும் என்பதுதான் என் எண்ணம். சத்தியமாக அதற்கு மேல் நினைக்கவில்லை.

சனிக்கிழமை ஒருவர் வந்தார். மடிப்புக் கலையாத சட்டை, மரியாதையான பேச்சு. மனைவிக்கும் கொழுந்தியாளுக்கும் என்று நான் காட்டியதில் மூன்று புடவை எடுத்தார். பில் தொகையைக் கேட்டதும் ஒன்றை மாற்றிக் கொஞ்சம் விலை குறைந்ததாக எடுத்துக்கொண்டார். போன் செய்ய வேண்டிய தொகைக்குச் சற்றே கீழே பில் நின்றது. இது அப்போது எனக்கு உறைக்கவில்லை. அவள் லிஸ்ட்டை எடுத்து, விரல் வைத்து, வரிவரியாகப் பார்த்தாள். கையெழுத்தைக் கார்டின் பின்பக்கத்தோடு ஒத்துப் பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தது.

திங்கட்கிழமை ரவிக்கைப் பெட்டியை நகர்த்தும்போது அந்தப் புத்தகம் கையில் தட்டுப்பட்டது. வங்கி அதிகாரி வருவதாகக் காணோம். சலித்துப்போய், பழையதைக் கட்டோடு சேர்த்துவிட்டு அதை ஆணியில் மாட்டிவிட்டேன். கூட்டத்தில் யாரும் கவனிக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து வங்கியிலிருந்து கடிதம் வந்தது. அந்தச் சனிக்கிழமை மூன்று புடவை எடுத்தவர் கொடுத்தது திருட்டுக் கார்டு; அதன் எண் விற்பனைக்கு முன்பே லிஸ்ட்டில் வந்துவிட்டது; ஆகவே பணம் கிடையாது. முதலாளி கன்னடக்காரர். எங்களோடு பாதித் தமிழும் பாதிக் கன்னடமுமாகப் பேசுவார். பழைய லிஸ்ட் கட்டைப் பிரித்துத் தேதி பார்த்து, அந்த எண்ணைக் கண்டுபிடித்து அவளிடம் நீட்டினார்.

"ஏனம்மா இது? இவ்வளவு தெளிவா இருக்கே, நீ நோடவே இல்லையா?"

"பாத்தனுங்க சார். நல்லாப் பாத்தனுங்களே..." அந்த எண்மேல் விரலை வைத்தாள். "எப்படி விட்டேன்னு தெரியலீங்க."

நான் இரண்டடி தள்ளி ஒரு புடவையை மடித்துக்கொண்டிருந்தேன். எனக்கு மட்டும் தெரியும். வாயைத் திறக்கவில்லை. நஷ்டத்தை அவள் சம்பளத்தில் மாதாமாதம் பிடிப்பதாக முடிவானது. அவளை எழுப்பிவிட்டு, "நீ குத்கோ," என்று முதலாளி என்னை உட்காரச் சொன்னார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: உட்கார்ந்த அந்த நிமிஷம் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அது நிலைக்கவில்லை. இரண்டாம் நாள் மத்தியானம் கடை காலியாக இருந்தபோது அவள் என் மேஜைக்கு வந்தாள். "அக்கா, அதுல ஏதாவது ஒரு நம்பரு சொல்லுங்க. நான் தேடிப் பாக்கறேன்." சொன்னேன். கண் மூடித் திறப்பதற்குள் கண்டுபிடித்தாள். "இன்னொண்ணு சொல்லுங்கக்கா." அதையும் கண்டுபிடித்தாள். முகத்தில் மட்டும் வெளிச்சமே இல்லை. தினமும் இப்படி வந்தாள். பிறகு ஒருநாள் பாதி லீவு போட்டுக் கண் டாக்டரிடம் போய்வந்தாள்.

"என்ன சொன்னாரு?" என்று கேட்டேன்.

"கண்ணுல ஒரு குறையும் இல்லீங்களாம்." தலையைக் குனிந்துகொண்டாள். "கண்ணு நல்லா இருந்தா, அப்புறம் என் புத்திதானுங்க கெட்டுப்போயிருக்கணும்? அப்பனுக்கு எழுதிட்டனுங்க, இந்த மாசத்தோட நின்னுக்கறேன்னு. எனக்கு என் மேலயே நம்பிக்கை போயிருச்சுங்கக்கா."

அதற்குப் பிறகு அவளைக் கவனித்தேன். கொடுத்த சில்லறையை மூன்று தடவை எண்ணினாள். பில்லில் புடவை நிறத்தை எழுதிவிட்டு, சரிதானா என்று பக்கத்துப் பெண்ணைக் கேட்டாள். ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருந்தும் எனக்கு முதுகு வியர்த்தது.

பதினோராவது நாள் காலை, முதலாளி சாமி படத்துக்கு ஊதுபத்தி காட்டி முடித்ததும் அவர் முன்னால் போய் நின்றேன். அவளையும் கூப்பிட்டேன். லிஸ்ட்டை வாங்கியது, ஒளித்தது, திங்கட்கிழமை மாட்டியது எல்லாவற்றையும் சொன்னேன்.

"யாக்கம்மா? ஏன் இப்படிப் பண்ணே?" என்றார் முதலாளி.

"பொறாமை சார்," என்றேன். வேறு காரணம் எதுவும் இல்லை.

நான் அவளைப் பார்த்தேன். திட்டுவாள், அடித்தாலும் அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அப்போ நான் பாக்கறப்ப அந்த நம்பரு அதுல இல்லீங்களா?"

"இல்லை."

"இல்லவே இல்லீங்களா?"

"இல்லவே இல்லம்மா."

அப்படியே தரையில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். மற்றப் பெண்கள் ஓடிவந்து அவளை அணைத்துக்கொண்டார்கள். அந்த நேரத்திலும், என்னைத் தேற்ற ஒருத்தர்கூட இல்லையே என்று ஒரு பொறாமை எழுந்தது பாருங்கள், அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பதினோரு வருட வேலையைப் பார்த்து முதலாளி என்னை அனுப்பவில்லை. நஷ்டம் முழுவதும் என் சம்பளத்தில் கழிந்தது. நாற்காலி அவளுக்கே திரும்பிப் போனது. ஆனால் அவள் என்னை அக்கா என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். வேலை விஷயம் மட்டும் பேசுவாள். நான் இரண்டு முறை மன்னிப்புக் கேட்டேன். இரண்டு முறையும் "பரவால்லீங்க" என்று சொல்லிவிட்டு பில் கட்டைப் புரட்டத் தொடங்கினாள்.

ஒன்றரை வருடம் கழித்து அவளுக்குச் சாமராஜநகரில் கணக்கர் வேலை கிடைத்தது. கடைசி நாள் எல்லாருக்கும் மைசூர் பாகு கொடுத்துக்கொண்டு என் கவுண்டருக்கும் வந்தாள்.

"நீங்க பண்ணினதை என்னால மறக்க முடியலீங்க," என்றாள். "ஆனா நீங்க சொல்லாம விட்டிருந்தா, நான் இந்நேரம் ஊருல உக்காந்துட்டு, எதுக்கும் லாயக்கில்லாதவன்னு நெனச்சுட்டு இருப்பனுங்க."

நான் பதில் சொல்வதற்குள் அடுத்த கவுண்டருக்குப் போய்விட்டாள்.

திருட்டுக் கார்டுக்கு யார் பொறுப்பு என்று வங்கிக் கடிதம் தெளிவாகச் சொல்லியிருந்தது, நானும் அந்த நஷ்டத்தைக் கட்டி முடித்தேன். ஆனால் கண்ணில் ஒரு குறையும் இல்லாத ஒரு பெண்ணைப் பதினோரு நாள் தன் புத்தியையே சந்தேகப்பட வைத்ததற்கு நான்தான் பொறுப்பு, அதை எத்தனை மாதச் சம்பளத்திலும் கழிக்க முடியாது என்பது இத்தனை வருடம் கழித்தும் என் நெஞ்சைவிட்டுப் போகவில்லை.