பெயருக்கான பெட்டி

பத்தாம் வகுப்போடு நின்றுவிட்ட நான் எழுத வருவது அதிகப்பிரசங்கித்தனம்தான். பொறுத்துக்கொள்ளுங்கள். நேரில் சொல்ல எனக்கு வாய் வராது.

இலங்கையின் கிழக்கில் மறுபடி சண்டை மூண்ட வருடம். கனடாவில், மொன்ட்ரியாலில் இருந்த எங்கள் ஊர்ச் சங்கத்துக்கு ஓர் இணையத்தளம் இருந்தது. புத்தகம் பார்த்துப் பழகி நான் செய்தது. இடம்பெயர்ந்து சிதறியவர்களைத் தேடி அதில் யாரும் எழுதலாம். யாரோ புகுந்து கெட்ட வார்த்தைகள் எழுதினார்கள்.

"கண்டவனும் கிறுக்க இதென்ன மெட்ரோ சுவரா? பூட்டுப் போடும் ஐசே," என்றார் சங்கத் தலைவர். "கோப்பை கழுவுற நேரம் யோசிச்சா வரும்."

எல்லோரும் சிரித்தார்கள். பக்கத்து நகரமான லவாலில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவுவதுதான் என் வேலை.

இரண்டு ஞாயிறுகளில் முடித்தேன். பெயர், மின்னஞ்சல், கடவுச்சொல், முகவரி, அஞ்சல் குறியீடு. எல்லாம் சரியென்றால்தான் உள்ளே விடும். என் விபரங்களைக் கொடுத்தேன், திறந்தது. சங்கத்து ஆட்களும் முயன்றார்கள், திறந்தது. பெருமையாக இருந்தது.

மொன்ட்ரியால்-நோர் பகுதியில் எங்கள் கட்டடத்தின் கீழ்வீட்டுப் பெண் தன் தம்பியைத் தேடிக்கொண்டிருந்தாள். தினமும் படிக்கட்டில் மறிப்பாள்.

"அண்ணன், ஏதும் வந்ததா?"

"இல்ல தங்கச்சி."

"உங்கட கம்ப்யூட்டருக்கும் என்னோட கோவம் போல."

பூட்டுப் போட்டு மூன்று வாரம் கழிந்தது. ஊரிலிருந்து ஒருவர்கூடப் பதியவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. நிராகரிக்கப்பட்ட பதிவுகளைத் திறந்து பார்த்தேன். கனடா அஞ்சல் குறியீட்டைத் தவிர வேறெதையும் என் பூட்டு ஏற்கவில்லை. இங்கிருந்தே சோதித்த எங்களுக்கு அது தெரியவில்லை.

ஓர் ஆள் ஒன்பது தரம் முயன்றிருந்தார். ஒன்பதாம் தரம், பெயருக்கான பெட்டியில் சேதியையே எழுதியிருந்தார். அவள் தம்பியின் பெயர், பிறகு, "பெரியாஸ்பத்திரியில, காயம், அக்காவோட கதைக்க வேணுமாம், கெதியா, உடனே." மின்னஞ்சலுக்கான இடத்தில் ஒரு தொலைபேசி எண்.

கீழே ஓடினேன். அவள் என் முன்னாலேயே அந்த எண்ணுக்கு எடுத்தாள். எதிர்முனைக் குரல் எனக்கும் கேட்டது.

"அவன் போய்ப் பன்னிரண்டு நாளாச்சு புள்ள. கடைசி வரைக்கும் உன்னத்தான் கேட்டவன்."

போனை வைத்தாள்.

"இவர் எப்ப எழுதினவர், அண்ணன்?"

பொய் சொல்ல நினைத்தேன். முடியவில்லை.

"மூண்டு கிழமைக்கு முந்தி."

அவள் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.

மறுநாள் பூட்டை எடுத்துவிட்டு வேலைக்குப் போனேன். திரும்பி வந்தபோது யாரோ கெட்ட வார்த்தை எழுதியிருந்தார்கள். அழித்தேன்.