சென்டர் ஃபீல்டருக்கு ரோகிணி

ஸ்காபரோ கோயிலில் அர்ச்சனைக்கு நிற்கிறேன். எனக்கு முன்னால், சேலைக்கு மேல் பேஸ்பால் அணியின் நீலச் சட்டை போட்ட ஓர் ஈழத்து அன்ரி.

"பெயர், நட்சத்திரம்?" என்கிறார் ஐயர்.

அன்ரி ஓர் ஆங்கிலப் பெயரைச் சொல்கிறார். "ரோகிணி. பிறந்த திகதியை வைச்சுப் பாத்தனான். எங்கட சென்ரர் ஃபீல்டர் ஐயா, காலில நோ, நொண்டுறான்."

மதுரைக்காரனான எனக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. ஐயரும் திடுக்கிடுகிறார், ஆனால் அது வேறு காரணத்துக்கு.

"உவனுக்கோ? உவன் ஓவர்ரேட்டட் அம்மா! பிந்தி ஓடுறபடியால்தான் பாய்ஞ்சு விழுந்து பிடிக்கிறான். ரைட் ஃபீல்டர் பந்து வர முதலே அங்க நிக்கிறான். அவனை ஒருத்தரும் கணக்கெடுக்கிறேல்லை."

"அவன் அடிக்க வந்து என்னத்தைக் கிழிச்சவன்?" அன்ரியின் குரல் உயர்கிறது.

மூலஸ்தானத்துக்கு முன்னால் நின்றுகொண்டு இப்படியா! பின்னால் நிற்பவர்கள் யாருக்கும் இது வியப்பாகப் படவில்லை. ஐயர் முகத்தைச் சுளித்தபடி மந்திரத்தைத் தொடங்குகிறார். ரோகிணி வருகிறது, சென்டர் ஃபீல்டர் பெயர் வருகிறது. பிறகு, யாரும் கேட்காமலேயே, அஸ்த நட்சத்திரமும் இன்னோர் ஆங்கிலப் பெயரும் வருகின்றன.

"ரைட் ஃபீல்டர்!" என்று பல்லைக் கடிக்கிறார் அன்ரி.

ஐயர் என் பக்கம் திரும்புகிறார். "உங்கட நட்சத்திரம்?"

சத்தியமாக ஞாபகம் வரவில்லை.